முன் டயர் உயிரோடிருக்கிறது

சின்னண்ணனுடைய லாரியின் வலப்பக்க முன் டயர் செத்துப்போய்விட்டது என்பது திருச்செங்கோட்டிலிருந்து ராசிபுரம் வரை எல்லோருக்கும் தெரியும். ஏதோ ஒரு மாட்டின் காலிலிருந்து கழன்று சாலையில் கிடந்த லாடத்தின்மேல் ஏறி, பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. செருப்புத் தைக்கிறவரிடம் கொண்டுபோய் உள்ளே எருமைத்தோல் வைத்துத் தைத்துப் பார்த்தான். தையல் ஒரு சந்தைக்குத் தாங்கியது. அடுத்த சந்தைக்குப் போகும்போது வாய் பிளந்து, நூலும் பிசிறுமாகத் தொங்க, நடுவில் ட்யூப் தொந்திபோல் பிதுங்கிக்கொண்டு நின்றது. பார்த்தவர்கள் எல்லோரும், "போயிருச்சு" என்றார்கள். இழவு கேட்க வந்தவர்கள் மாதிரி இரண்டு வார்த்தை ஆறுதலும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆனால் அது யுத்த காலம். மலாயாவைப் பிடித்த ஜப்பான்காரன் அங்கிருந்த ரப்பர் மரங்களையும் சேர்த்தே பிடித்துக்கொண்டதால், இங்கே ஒரு டயர் தன் இஷ்டத்துக்குச் சாக முடியாது. அது செத்துவிட்டது என்று சர்க்கார் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால்தான் புது டயருக்குப் பர்மிட். ஒப்புக்கொள்ளும் வேலைக்கென்றே ஒரு கமிட்டி இருந்தது. 'யுத்தகால ரப்பர் சிக்கன ஆலோசனைக் கமிட்டி' என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் சின்னண்ணனுக்கு மூச்சு வாங்கும். மாற்று டயர் என்று அவனிடம் முன்பு ஒன்று இருக்கத்தான் செய்தது. ஓடாத டயரை வைத்திருப்பது பதுக்கல் என்று சொல்லி, அதைப் போன வருஷமே அதே கமிட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டது.

சரி, லாரியை ஓரங்கட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஒரு மாதத்துக்கு மேல் ஓடாமல் நிற்கிற லாரி பட்டாளத்துக்குப் போய்விடும். அவனிடம் இருந்தது அந்த ஒரே லாரி. பெட்ரோல் கிடைக்காமல், முதுகில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு, புகையைத் தின்று இருமிக்கொண்டே ஓடுகிற லாரி. இருந்தாலும் சோறு போடுகிற லாரி.

கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிவிடலாம் என்றால், குறுக்கே நின்றவள் சௌந்திரம், அவன் மனைவி. அவளுடைய அண்ணன் சின்னுசாமியும் லாரி ஓட்டினவன்தான். ஆத்தூர்ச் சாலையில் முன் டயர் வெடித்து, லாரியோடு சாலையோரத்துக் கிணற்றுக்குள் போனான். அதுவும், "இன்னுங் கொஞ்ச நாளைக்கு ஓடும்" என்று யாரோ தட்டிக்கொடுத்த டயர்தான்.

"பின் டயரு போனா வண்டி உக்காரும். முன் டயரு போனா ஆளு போயிருவாங்க" என்றாள் சௌந்திரம். "எங்கண்ணனக் கெணத்துல இருந்து தூக்கறப்பவும் ஸ்டேரிங்கிய உடலீங்க. நீங்க அந்த வண்டியக் கெளப்புனீங்கன்னா, நான் முன்னால வந்து படுத்துக்குவேன். ஏத்திட்டுப் போயிருங்க."

"பட்டாளத்துக்காரன் வண்டியக் கொண்டுட்டுப் போனா அப்பறம் என்னத்தத் திங்கறது?"

"அதுக்குத்தான் முனியப்பனுக்குக் கெடா நேந்துட்டேன். புது டயரு வந்தன்னைக்கு வெட்டறதுன்னு. நீங்க போயிக் கமிட்டியப் பாருங்க."

கெடா வெட்டு என்றால் அந்தப் பக்கத்தில் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று வெட்டிவிடுவதில்லை. கெடாயைக் கோயிலுக்கு முன்னால் நிறுத்தி, மாலை போட்டு, தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்து ஒரு உதறு உதற வேண்டும். துளுக்குவது என்று அதற்குப் பெயர். துளுக்கிவிட்டால் சாமி சம்மதித்துவிட்டது. அப்புறம் யாராலும் மாற்ற முடியாது. துளுக்காவிட்டால் அரிவாளோடு நிற்பவரும் இலை போட்டுக் காத்திருப்பவர்களும் ஊற்று, ஊற்று என்று ஊற்றிக்கொண்டே நிற்க வேண்டியதுதான். தண்ணீர் பட்டால் எந்த ஆடும் உதறத்தானே செய்யும் என்று பட்டணத்தில் படித்தவர்கள் சிரிப்பார்கள். அது அந்த ஊருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஊற்றுகிறார்கள்.

கமிட்டி அந்த வாரம் நாமக்கல்லில் முகாம் போட்டிருந்தது. சின்னண்ணன் சக்கரத்தைக் கழற்றி, மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் படுக்க வைத்துக் கொண்டுபோனான்.

கமிட்டியின் தலைவர் ராவ் சாகிப் தண்டாயுதபாணி. யுத்த நிதிக்கு அள்ளிக் கொடுத்துப் பட்டம் வாங்கியவர். அந்த ஜில்லாவில் பிறந்து வளர்ந்தவர்தான் என்றாலும், பட்டம் வந்த நாளிலிருந்து மேடைத் தமிழ் தவிர வேறு எதுவும் அவர் வாயில் வருவதில்லை. ஜரிகைத் தலைப்பாகையோடு நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு இந்தப் பக்கம் ராசிபுரத்து நெய் வியாபாரி ஒருவர், அந்தப் பக்கம் சேலத்து நூல் வியாபாரி ஒருவர், கடைசியில் பெரிய பண்ணைக்காரரான சென்னிமலை. நால்வரில் யாருக்கும் லாரி கிடையாது. லாரி வைத்திருப்பவனுக்கும் ஓட்டுகிறவனுக்கும் டயரைப் பற்றி முன்கூட்டியே அபிப்பிராயம் இருக்கும், அபிப்பிராயம் இருப்பவன் நீதி வழங்கலாகாது என்பது கமிட்டியின் விதி. டயரைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுக்க அரசாங்கம் வெகுவாகப் பாடுபட்டிருந்தது.

"டயர் மட்டும் வந்திருக்கிறது. லாரி எங்கே?" என்றார் ராவ் சாகிப்.

"ஊட்டுல நிக்குதுங்க சாமி. இந்த டயர வெச்சு ஓட்ட முடியாதுன்னுதானுங்களே வந்திருக்கறேன்."

"ஓட்ட முடியுமா முடியாதா என்று தீர்மானிக்க வேண்டியவர் யார்?"

"நீங்கதானுங்க."

"நாங்கள் தீர்மானிப்பதற்கு முன்பே நீர் ஓட்டாமல் விட்டது எங்ஙனம்? கமிட்டியின் அதிகாரத்தில் நீர் கை வைத்திருக்கிறீர். போகட்டும், ஏழை என்று மன்னித்தோம். ஆனால் லாரியோடு கூடிய டயரைத்தான் நாம் பரிசீலிக்க முடியும். லாரியிலிருந்து கழற்றிய டயர் ஒரு ரப்பர் வளையம். ரப்பர் வளையத்துக்கு ஆபத்து ஏதும் இல்லை. பாரும், எவ்வளவு நிம்மதியாகப் படுத்திருக்கிறது!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வைக்கோலில் டயர் நிம்மதியாகத்தான் படுத்திருந்தது.

"அப்ப, லாரிய ஓட்டியாறதுங்களா சாமி?"

"ஆபத்தான டயரோடு லாரி ஓட்டுவது குற்றம். ஓட்டி வந்தால் போலீசில் ஒப்படைப்போம். அடுத்த முகாம் திருச்செங்கோட்டில். லாரியோடு வாரும்."

சின்னண்ணன் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி முடிக்கிறவரை சௌந்திரம் நேர்ந்துவிட்ட கெடாய்க்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம், "அந்தாளு தலையக் கிலைய ஆட்டுனாருங்களா?" என்று கேட்டாள்.

"தலைப்பாகை உழுந்துரும்னு கழுத்தையே திருப்பறதில்ல. ஆள் கல்லாட்ட உக்காந்திருக்கறாரு."

"நீங்க பத்தாம ஊத்திட்டு வந்திருக்கறீங்க" என்றாள் அவள். சின்னண்ணனுக்கு அது அப்போது விளங்கவில்லை.

திருச்செங்கோட்டு முகாமுக்கு லாரி வந்தது. ஓடி வரவில்லை. முன்னால் இரண்டு ஜோடி மாடுகளைப் பூட்டி, ஸ்டேரிங்கில் சின்னண்ணன் உட்கார்ந்துகொண்டு, நடைவேகத்தில் இழுத்துக்கொண்டு வந்தான். நடக்கிற வேகத்தில் வெடித்தால் உயிருக்குச் சேதமில்லை என்று சௌந்திரம் அதற்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தாள். தேர் வருகிறதென்று நினைத்து வழியில் இரண்டு ஊர்களில் தேங்காய் உடைத்தார்கள்.

ராவ் சாகிப் லாரியைப் பார்த்தார். மாடுகளைப் பார்த்தார். மாடுகளில் ஒன்று அந்த நேரம் பார்த்துச் சாணி போட்டது.

"குறித்துக்கொள்ளும், சுப்பையன்" என்றார். சுப்பையன் கமிட்டியின் குமாஸ்தா. வாழ்க்கையில் குறித்துக்கொள்வதைத் தவிர வேறொன்றும் செய்தறியாதவர். "மாடு இழுத்து வருகிற வாகனம் மாட்டு வண்டி. மாட்டு வண்டிக்கு ரப்பர் டயர் என்பது ஆடம்பரம். ஆடம்பரத்துக்குக் கமிட்டியிடம் இடமில்லை."

பந்தோபஸ்துக்கு நின்ற கான்ஸ்டேபிள் இதைக் கேட்டுவிட்டு, மாட்டு வண்டியின் அடியில் தொங்க வேண்டிய லாந்தர் தொங்கவில்லை என்று சின்னண்ணன்மேல் ஒரு வழக்கு எழுதிக்கொண்டார்.

"சாமி, இது லாரிதானுங்க. இதா பாருங்க, ஹாரன் இருக்குது." சின்னண்ணன் ரப்பர் குமிழை அமுக்கினான். ஹாரன் அலறியது. மாடுகள் மிரண்டன.

ஹாரனை ஆதாரமாக ஏற்றுக்கொள்ளலாமா என்று கமிட்டி சற்று நேரம் கூடிப் பேசியது. பிறகு ராவ் சாகிப் பெருந்தன்மையோடு, "அங்கத்தினர்கள் டயரைப் பார்வையிடலாம்" என்றார்.

முதலில் நெய் வியாபாரி எழுந்தார். கிழிசலுக்குள் சுண்டுவிரலை விட்டு எடுத்து, புறங்கையில் தேய்த்து, மூக்கில் வைத்து உறிஞ்சினார். கண்களை மூடிக்கொண்டு, "கலப்படம் இல்லீங்க. வாசம் சுத்தமா இருக்குது" என்றார்.

அடுத்து நூல் வியாபாரி. தொங்கிய பிசிறில் ஓர் இழையை இழுத்து, எச்சில் தொட்டு முறுக்கி, பல்லால் கடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அடடா, என்ன நூலு! இந்த யுத்தத்துல இப்படி ஒரு நூலு எங்கைங்க கெடைக்குது? இதையப் போயிச் செத்துப்போச்சுங்கறானே இந்த மனுசன்! இன்னுங் கொஞ்சம் இருந்தா எடுத்துக்கட்டுங்களா?" என்று இன்னும் ஒரு முழம் உருவிக்கொண்டார். டயரின் வாய் இன்னும் கொஞ்சம் பிளந்தது.

மூன்றாவதாகச் சென்னிமலை வந்தார். மாட்டுச் சந்தையில் அவர் கை வைக்காத ஜோடி அந்தப் பக்கத்தில் விலை போகாது. டயரைச் சுற்றி வந்தார். முன்னால் நின்று பார்த்தார், பின்னால் குனிந்து பார்த்தார், தட்டினார், ஏதாவது சுழி இருக்கிறதா என்று தடவினார். "காயந்தான். நோவு இல்லை. தீனி நல்லாப் போட்டா ஒரு ஏருக்குத் தாங்கும்" என்றார்.

சின்னண்ணன் நால்வர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். தான் கொண்டுவந்தது டயர்தானா என்று அவனுக்கே சந்தேகமாகிவிட்டது.

ராவ் சாகிப் எழுந்து நின்றார். அவர் எழுந்தால் பிரசங்கம் வரும் என்று தெரிந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

"அன்பர்களே! இந்தக் கமிட்டி ஏற்பட்ட நாள் முதலாக இந்த ஜில்லாவில் ஒரு டயர்கூட மரணமடைந்ததில்லை என்பதை மார் தட்டிச் சொல்வேன். மற்ற ஜில்லாக்களில் டயர்கள் ஈசல்போல மடிகின்றன. இங்கே? பூஜ்யம்! கவர்னர் துரை என்னைக் கண்டபோது, 'ராவ் சாகிப், எப்படி இதைச் சாதித்தீர்?' என்றார். 'பிரபு, விண்ணப்பங்களைப் பார்ப்போம், டயரைப் பார்ப்போம், ஆனால் விபத்துக்களைப் பார்ப்பதில்லை. அது வேறு இலாகா' என்றேன். இந்த டயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கிழிந்திருப்பது ஒரு சாண். கிழியாமல் இருப்பது எத்தனை சாண்! கிழிந்த அந்த ஒரு சாணைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறவன் தோல்வி மனப்பான்மைக்காரன். மீதியைப் பார்த்துப் பெருமைப்படுகிறவன் ராஜ விசுவாசி. சின்னண்ணன், நீர் இவர்களில் யார்?"

"நான் லாரிக்காரனுங்க" என்றான் சின்னண்ணன்.

"கிழிந்த பாகம் தரையில் அதிகம் படாதபடி பார்த்து ஓட்டினால் என்ன?"

"சக்கரமுங்க சாமி. சுத்துமுங்க."

"சுற்றும்போது அந்தப் பாகம் மேலேயும் வருகிறதல்லவா? அந்தச் சமயத்தில் நிம்மதியாக இரும்."

சின்னண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. கைகட்டி நின்றபடியே, "சாமி, உங்க வாக்கே எனக்குப் போதும். ஒரே ஒரு தடவ நீங்க முன்னால ஏறி எம்பக்கத்துல உக்காருங்க. மலையச் சுத்தி ஒரு ரவுண்டு வந்தர்றேன். வெடிக்கலீனா நான் வாயத் தொறக்கல" என்றான்.

கூட்டம் ராவ் சாகிப்பைத் திரும்பிப் பார்த்தது. ராவ் சாகிப் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"தலைவர் பாரபட்சமற்றவராக இருக்க வேண்டும். லாரியில் ஏறினால் எனக்கு என் உயிர்மேல் ஆசை வந்துவிடும். ஆசை வந்தால் பாரபட்சம் வந்துவிடும். அதனால்தான் நான் ஜட்கா வண்டியிலேயே எல்லா முகாமுக்கும் போகிறேன். ரப்பரின்மேல் உட்கார்ந்துகொண்டு ரப்பருக்கு நீதி வழங்க இயலாது."

அங்கத்தினர்கள் கை தட்டினார்கள். சுப்பையன் குறித்துக்கொண்டார். முடிவு மட்டும் சொல்லப்படவில்லை. மெட்ராசுக்கு எழுதிக் கேட்டிருப்பதாகவும், நீர்ச் சோதனைக்கு அனுமதி வந்ததும் ராசிபுரம் முகாமில் சோதித்து முடிவு சொல்லப்படும் என்றும் அறிவித்தார்கள்.

லாரி மறுபடியும் வாசலில் நின்றது. ஒரு நாள் பட்டாளத்து ஆள் ஒருவர் வந்து, பெண் பார்க்க வந்தவர்போல அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். கமிட்டிக்கு மாட்டு வண்டியாக இருந்தது, பட்டாளத்துக்கு மட்டும் மறுபடியும் லாரியாகிவிட்டது. வருகிற திங்கட்கிழமை எடுத்துக்கொள்ள வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ராசிபுரம் முகாம் அதற்கு முந்திய சனிக்கிழமை.

"நானும் வாரேன்" என்றாள் சௌந்திரம்.

"நீ எதுக்கு?"

"நீங்க பேசிட்டே இருப்பீங்க. ஊத்தறதுக்கு ஒரு ஆளு வேண்டாமா?"

ராசிபுரத்தில் மாரியம்மன் பண்டிகை அப்போதுதான் முடிந்திருந்தது. கமிட்டி கோயிலை ஒட்டிய சத்திரத்தில் இறங்கியிருந்தது. நீர்ச் சோதனைக்கு மெட்ராஸ் அனுமதி தந்துவிட்டது. ஆனால் தொட்டி தரவில்லை. சக்கரத்தோடு டயர் மூழ்குகிற அளவு பாத்திரம் ஊரில் வேறு கிடைக்காததால், சுப்பையன் கோயிலில் கேட்டு, வெல்லம் காய்ச்சுகிற பெரிய கொப்பரையை வாங்கிச் சத்திரத்து முற்றத்தில் வைத்திருந்தார். மஞ்சள் நீராட்டுக்குக் கரைத்த தண்ணீர் அதில் முக்காலுக்கு அப்படியே நின்றது. மேலே வேப்பிலை மிதந்தது. வேறு தண்ணீர் மாற்ற வேண்டாமா என்று சுப்பையன் கேட்டதற்கு, தண்ணீரின் நிறத்தைப் பற்றி மெட்ராஸ் ஒன்றும் எழுதவில்லை என்று ராவ் சாகிப் பதில் சொன்னார். பண்டிகைக்கு வந்து இன்னும் ஊர் திரும்பாத கூட்டம் சத்திரத்துச் சுவர்மேலெல்லாம் ஏறி உட்கார்ந்திருந்தது.

சோதனை எளியது. கழற்றிக் கொண்டுவந்த சக்கரத்தைத் தண்ணீரில் அமிழ்த்தி, டயரில் முழுக் காற்று அடிக்க வேண்டும். குமிழி வந்தால் டயர் செத்தது. வராவிட்டால் உயிரோடிருக்கிறது.

"குமிழி வராதுங்க சாமி" என்றான் சின்னண்ணன். "ட்யூப்பு நல்லா இருக்குது, அதுல ஓட்டை இல்ல. டயருதான் கிழிஞ்சது. காத்து அடைச்சா வெடிக்குமே தவுத்துக் குமிழி வராதுங்க."

"ஆகக் குமிழி வராது என்று நீரே ஒப்புக்கொள்கிறீர். குறித்துக்கொள்ளும், சுப்பையன்."

"அக்கட்டால தள்ளியாவது உக்காருங்க சாமி. கொப்பரைக்கு இத்தன கிட்டக்க வேண்டாம்."

"தலைவரின் ஆசனம் பரிசீலனைக்குரிய பொருளின் முன்பாக, அதற்கு மிக அருகில் இருக்க வேண்டும். விதி. அடியும் காற்றை!"

சின்னண்ணன் பம்ப்பை எடுத்தான். அவன் அடிக்க அடிக்க, மஞ்சள் தண்ணீருக்கடியில் டயரின் வாய்க்குள்ளிருந்து ட்யூப் மெல்லப் புடைத்தது. சௌந்திரம் தூணருகே நின்று, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். குமிழி ஒன்றுகூட வரவில்லை.

"பாருங்கள்!" என்று ராவ் சாகிப் கொப்பரைமேல் குனிந்தார். "எவ்வளவு ஆரோக்கியம்! இன்னும் அடியும்!"

"வேண்டாமுங்க சாமி."

"அடியும்!"

சின்னண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பம்ப்பை எட்டிப் பிடித்து ஒரு அடி அடித்தான்.

வேட்டுப் போட்டதுபோல் ஒரு சத்தம். கோயில் புறாக்களெல்லாம் எழும்பிப் பறந்தன. கொப்பரைத் தண்ணீர் ஒரு ஆள் உயரத்துக்கு எழுந்து நின்று, பிறகு ஒட்டுமொத்தமாகத் தலைவர்மேல் இறங்கியது. கூட்டம் கண்ணைத் திறந்து பார்த்தபோது தலைப்பாகை கொப்பரையில் மிதந்தது. ராவ் சாகிப் தலை முதல் கால் வரை மஞ்சளாக நின்றார். மீசையில் ஒரு வேப்பங்கொத்து. கழுத்தில், பண்டிகைத் தண்ணீரில் கிடந்த செவ்வந்தி மாலையில் பாதி.

ஆனாலும் அவர் அசையவில்லை. அந்த உறுதியை மெச்சத்தான் வேண்டும். எங்கேயோ பார்த்தபடி, சொட்டச் சொட்ட, "குறித்துக்கொள்ளும், சுப்பையன்" என்றார். "வெடிக்கும்வரை ஒரு குமிழியும் வரவில்லை. வெடித்த பின் வந்தது விதியில் சேராது. ஆகவே, இந்த டயர் சோதனையில் தேறி..."

சௌந்திரம் தூணை விட்டு நகர்ந்தாள். கொப்பரையில் மிச்சமிருந்ததைக் கோயில் சொம்பு நிறைய மொண்டாள். "ஐயோ, மூஞ்சியெல்லாஞ் சேறுங்க சாமி. கண்ணு எரியும். கழுவி உடறனுங்க" என்று சொல்லிக்கொண்டே நேராக உச்சந்தலையில் ஊற்றினாள். ஊற்றிவிட்டு, இரண்டாவது சொம்பைக் காதோரமாகவும் முதுகுத் தண்டு வழியாகவும் நிதானமாக விட்டாள். கெடாய்க்கு எந்த இடத்தில் விட்டால் பலிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஐப்பசி மாதத்துக் காற்று சத்திரத்து வாசல் வழியாக ஒரு வீச்சு வீசியது. முதலில் ராவ் சாகிப்பின் காதுகள் ஆடின. பிறகு கன்னம். பிறகு தோள். கடைசியில் தலையிலிருந்து கால் வரை ஒரே உதறாக உதறினார். தெறித்த தண்ணீர் மூன்று அங்கத்தினர்மேலும் விழுந்தது.

"துளுக்கிருச்சு!" என்று சுவர்மேலிருந்து ஒரு குரல்.

பெண்கள் குலவை போட்டார்கள். ஒரு வாரமாகக் கோயிலில் தப்பட்டை அடித்துக்கொண்டிருந்தவர்கள், கை வாக்கில் ஒரு சுற்று அடித்துவிட்டார்கள். நெய் வியாபாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். சென்னிமலை தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

"ஆச்சுங்க. உத்தரவு கெடைச்சுப்போச்சு. இனி மறுபேச்சு இல்லீங்க" என்றார்.

"என்னய்யா உத்தரவு! நான் எங்கய்யா குடுத்தேன்?" ராவ் சாகிப்பின் மேடைத் தமிழ் தண்ணீரோடு போய்விட்டது. "அடப் பாவிகளா, குளுருல ஒதறுனேன்!"

"கெடாயும் குளுருலதானுங்க ஒதறுது. அதைய நாம கேக்கறமா?"

"மெட்ராசுக்கு எழுதிக் கேக்கோணும்!"

"மாரியாத்தாளுக்கு மேலைங்களா மெட்ராசு?" என்றார் நூல் வியாபாரி, கையெடுத்துக் கும்பிட்டபடி.

பண்டிகைக்குக் கெடா வெட்ட வந்திருந்தவர் கோயில் மண்டபத்தில் படுத்திருந்தார். குலவையும் தப்பட்டையும் கேட்டு, தனக்கு இன்னும் ஏதோ வேலை மிச்சமிருக்கிறது என்று நினைத்து, அரிவாளை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு சத்திரத்து வாசலில் வந்து நின்றார். ஈர மாலையோடு நடுவில் நின்றவரைத் தூக்கக் கலக்கத்தில் ஏற இறங்கப் பார்த்தார்.

ராவ் சாகிப்பும் அந்தப் பக்கத்துக்காரர்தான். துளுக்கின பிறகு அடுத்து என்ன நடக்கும் என்பது அவருக்கும் தெரியும்.

"பேனாவக் கொண்டாய்யா!" என்றார்.

சுப்பையன் பேனாவும் காகிதமுமாக வந்து உட்கார்ந்தார். டயர் செத்துவிட்டது, புது டயர் கொடுக்கலாம் என்று எழுதி முடித்து, பேனாவோடு நிமிர்ந்தார். "சாவுக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்குதுங்க. என்னன்னு போடறதுங்க?"

"ஈரம்னு போடு!" என்றார் ராவ் சாகிப், வாசலைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

அப்படித்தான் அந்த ஜில்லாவில் முதல் டயர் காலமாயிற்று. திங்கட்கிழமை பட்டாளத்து ஆள் வந்தபோது, லாரி கரிப்புகை கக்கிக்கொண்டு சேலத்துச் சாலையில் போய்க்கொண்டிருந்தது. அடுத்த முகாமுக்கு வந்த லாரிக்காரர்கள் ஒவ்வொருவரும் கையில் விண்ணப்பத்தோடு ஒரு சொம்பும் கொண்டுவந்தார்கள். தலைவர் குடையோடு வந்தார். கூரைக்கு அடியிலும் அவர் அந்தக் குடையை மடக்கியதில்லை என்று சொல்கிறார்கள்.

அதற்கு முன்னால், புது டயர் வந்த ஞாயிற்றுக்கிழமையே, சின்னண்ணனும் சௌந்திரமும் நேர்ந்துவிட்ட கெடாயை முனியப்பன் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். லாரியை முன்னால் நிறுத்தி, புது டயருக்குச் சந்தனம் அப்பி, அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சௌந்திரம் சற்று நேரம் அந்த டயரைத் தொட்டபடியே நின்றாள். அவளுடைய அண்ணனுக்கும் இப்படி ஒன்று கிடைத்திருந்தால் என்று நினைத்திருப்பாள்.

கெடாய்க்கு மாலை போட்டார்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அது துளுக்கவில்லை. இன்னொரு குடம் ஊற்றினார்கள். காதில் விட்டார்கள், முதுகில் விட்டார்கள். பூசாரிக்குக் கை வலித்துவிட்டது. கெடா தாடியிலிருந்து சொட்டச் சொட்ட, கழுத்தைத் திருப்பாமல், யாரையும் பார்க்காமல், எங்கேயோ தூரத்தில் பார்வையை வைத்துக்கொண்டு விறைப்பாக நின்றது. இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று சின்னண்ணன் யோசித்தான்.

சௌந்திரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏனுங்க, அவுத்து உடுங்க. இது மெட்ராசுக்கு எழுதிக் கேட்டுத்தான் துளுக்கும்."

அவிழ்த்து விட்டார்கள். அந்தக் கெடாயை அப்புறம் யாரும் வெட்டவில்லை. ஊரில் அதற்கு ராவ் சாகிப் என்று பெயராயிற்று. வேலை எதுவும் செய்யாமல், எல்லோர் வாசலிலும் போய் நின்று தின்றுகொண்டு, யுத்தம் முடிந்த பிறகும் வெகு காலம் சௌக்கியமாக இருந்தது.